காரத்தை நிறுத்தியும் கேஸ்ட்ரிக் வலி போகவில்லையே?

கேள்வி: சிங்கப்பூர் உட்லண்ட்ஸில் இருக்கிறேன், பேருந்து ஓட்டுநர், வயது 48. விடியற்காலை நாலு மணிக்கு வெறும் வயிற்றில் பாலில்லாத கோப்பி-ஓ குடித்துவிட்டுக் கிளம்புவேன். இரண்டு மாதமாக மேல்வயிறு எரிகிறது. காரத்தை அறவே விட்டுவிட்டேன். அமிலத்தைத் தணிக்கும் வெள்ளை மருந்து குடித்தால் சற்று அடங்கி மறுபடி தொடங்குகிறது. முட்டிவலிக்கு டைக்ளோஃபெனாக் என்ற வலி மாத்திரை போடுகிறேன், சாப்பிட்ட பிறகுதான். என்ன செய்யலாம்?

பதில்: நீங்கள் கடைசியாகச் சொன்னதை நான் முதலில் எடுத்துக்கொள்கிறேன். இரைப்பையின் உட்சுவரை அதன் அமிலத்திலிருந்தே காப்பது ஒரு வழவழப்பான சளிப்படலம். அது சுரக்க உடலுக்குப் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள் வேண்டும். முட்டியில் வலியைக் கிளப்புவதும் இதே வகைப் பொருள்தான். டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் போன்றவை இரண்டு இடத்திலும் அதைக் குறைத்துவிடும். மாத்திரை ரத்தத்தில் கலந்துதான் இதைச் செய்கிறது. ஆகவே சாப்பிட்ட பிறகு போட்டாலும் ஊசியாகப் போட்டாலும் வயிறு தப்பாது. முட்டிக்குப் பனடோல் (பாராசிட்டமால்) போதுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். ஆனால் இதயத்துக்காக ஆஸ்பிரின் எடுப்பவர்கள் தாங்களாக நிறுத்தவே கூடாது.

இன்னொரு காரணம் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமி. காரமும் கவலையுமே வயிற்றுப் புண்ணுக்குக் காரணம் என்று எல்லாரும் நம்பிய காலத்தில், 1984இல், ஆஸ்திரேலிய மருத்துவர் பாரி மார்ஷல் இந்தக் கிருமி கலந்த கரைசலைத் தானே குடித்து இரைப்பை அழற்சியை வரவழைத்துக்கொண்டார். ராபின் வாரனும் அவரும் 2005இல் நோபெல் பரிசு பெற்றார்கள். குழம்பின் மேல் பழி போடுவதை நாம்தான் இன்னும் விடவில்லை! காரம் புண்பட்ட வயிற்றை எரிய வைக்கும், அவ்வளவுதான்.

கிருமி இருக்கிறதா என்று மூச்சுப் பரிசோதனையில் தெரிந்துவிடும். ஒமெப்ரஸோல் போன்ற, அமிலச் சுரப்பைக் குறைக்கும் மாத்திரையை அதற்கு இரண்டு வாரம் முன்பே நிறுத்தாவிட்டால் கிருமி இருந்தும் இல்லை என்று முடிவு வரலாம். எப்படி நிறுத்துவது என்பதை மருத்துவரிடம் கேட்டுச் செய்யுங்கள். இருந்தால் வழக்கமாக இரண்டு வாரச் சிகிச்சை. வாய் கசக்கும், குமட்டும். பாதியில் விட்டால் கிருமி மருந்துக்குப் பழகிவிடும். முடித்து நான்கு வாரமாவது கழிந்தபின் மறுபரிசோதனை அவசியம்.

ஒமெப்ரஸோல் எழுதிக் கொடுத்தால் உணவுக்கு அரைமணி முன் போடுங்கள். கோப்பிக்கு முன் இரண்டு ரொட்டித் துண்டாவது உள்ளே போகட்டும். புகை, மது வேண்டாம்.

மலம் தார்போலக் கறுத்தாலோ, ரத்த வாந்தி வந்தாலோ, வலி நெஞ்சுக்கு ஏறி வியர்த்துக் கொட்டினாலோ வண்டியை ஓரங்கட்டி 995ஐ அழையுங்கள். காரணமின்றி எடை குறைந்தாலும் விழுங்கும்போது அடைத்தாலும் தள்ளிப்போடாதீர்கள்.

இந்த வாரமே பலதுறை மருந்தகத்துக்கு (பாலிகிளினிக்) போங்கள். இரண்டு மாதம் பொறுத்தது போதும். என் மேசைமேல் எல்லா மருந்தையும் வைத்தபின், சட்டைப்பையிலிருந்து கடைசியாக ஓர் அட்டையைத் தயங்கி எடுப்பவர்கள் நிறையப் பேர். பெரும்பாலும் அது ஊரிலிருந்து யாரோ வாங்கி வந்த வலி மாத்திரையாக இருக்கும். உங்களிடமும் இருந்தால், அதை முதலில் எடுத்து வையுங்கள்.