சினிமாப் பாட்டு, கல்யாண டிஜே, பம்பை மேளம்: விசுவாசிகள் கேட்ட கேள்விகள்

தர்மபுரியில் ஒரு சபையில் இருபது வருடத்துக்கு மேல் பாடகர் குழுவை நடத்திவருகிறேன். ஆர்மோனியத்தில் ஆரம்பித்துக் கீபோர்டுக்கு வந்தவன். பாட்டைப் பற்றி என்ன சந்தேகம் இருந்தாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன்.

ஓசூரிலிருந்து ஒரு தம்பி: ஸ்தோத்திரம் அண்ணா. காலை ஷிஃப்டுக்குப் போகிற கம்பெனி பஸ்ஸில் முழுக்கச் சினிமாப் பாட்டுதான். காதில் விழுந்துகொண்டே இருக்கிறது. பாவமா?

பாவம் இல்லை தம்பி. விடியற்காலையில் டிரைவருக்குக் கண் அசராமல் இருக்கப் பாட்டு வேண்டும். அவரிடம் சண்டைக்குப் போகாதீர்கள்.

பாலக்கோடு, கல்லூரி மாணவி: உலகப் பாட்டு, அதாவது சினிமாப் பாட்டு மாதிரி பக்தி இல்லாத பாட்டு, கேட்டால் பரிசுத்த ஆவியின் அபிஷேகம் போய்விடும் என்று வாலிபர் கூட்டத்தில் சொல்கிறார்கள். வேதத்தில் எங்கே இருக்கிறது அண்ணா?

அப்படி ஒரு வசனம் இல்லைம்மா. தேடிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். எண்ணாகமம் 21-ல் ஜனங்கள் கிணற்றைப் பார்த்தே பாடுகிறார்கள்: "ஊற்றுத் தண்ணீரே, பொங்கி வா." நம் பக்கத்தில் தண்ணீருக்காகக் கிணறு வெட்டினவர்களுக்கு அந்தப் பாட்டின் அருமை தெரியும். சவுலும் யோனத்தானும் செத்தபோது தாவீது பாடின ஒப்பாரி 2 சாமுவேல் முதல் அதிகாரத்தில் இருக்கிறது. அந்தப் பாட்டுக்குள் ஒரு இடத்தில்கூட தேவன் பெயர் வராது. சிநேகிதனை இழந்தவனின் அழுகை மட்டும்தான். அதையும் வேதத்தில்தான் வைத்திருக்கிறார்கள்.

இன்னொரு பக்கமும் உண்டு. ஆமோஸ் 5:23-ல் கர்த்தர் ஆராதனைப் பாட்டையே வேண்டாம் என்கிறார்: "உன் பாட்டுகளின் இரைச்சலை என்னைவிட்டு அகற்று." ஏழையை மிதித்துவிட்டு வந்து பாடினார்கள், அதனால். ஆகவே சிடி உறையில் 'கிறிஸ்தவப் பாடல்' என்று எழுதியிருப்பதை மட்டும் பார்த்து நான் எதையும் கேட்பதில்லை. பாட்டு முடிந்த பிறகு மனசு எங்கே போய் நிற்கிறது என்று பார்க்கிறேன். "எல்லாவற்றையும் அநுபவிக்க எனக்கு அதிகாரம் உண்டு, ஆகிலும் எல்லாம் தகுதியாயிராது" என்று பவுல் எழுதினது (1 கொரிந்தியர் 10:23) இதற்கும் பொருந்தும். சில பழைய காதல் பாட்டுகளைக் கேட்டால் வீட்டுக்காரிக்குப் போன் பண்ணத் தோன்றும். குடியைக் கொண்டாடுகிற பாட்டை நான் வைப்பதே இல்லை. குடியால் செத்தவர்களின் அடக்க ஆராதனைகளில் நிறையப் பாடிவிட்டேன்.

பென்னாகரம், ஒரு தாயார்: பையனுக்கு 15 வயசு. எந்நேரமும் காதில் இயர்போன். பிடுங்கிவிடட்டுமா?

பிடுங்காதீங்க அக்கா, ஒளித்து வைத்துக் கேட்பான். என் மகளிடம் நான் செய்ததைச் சொல்கிறேன். பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு இயர்போனை வாங்கி என் காதில் வைத்துக்கொண்டேன். பாட்டு முடிந்ததும் அந்த வரிகளை மெட்டில்லாமல் வாசித்துக் காட்டு என்றேன். இரண்டாவது வரியிலேயே, ஒரு பெண்ணைப் பற்றிச் சொன்ன இடத்தில், நிறுத்திவிட்டாள். "போதும்ப்பா" என்றாள். நான் எதுவும் சொல்லவில்லை.

அரூர்: கோயிலில் கல்யாணம் முடிந்து மண்டபத்தில் டிஜே வைக்கலாமா?

வைக்கலாம், ஆடலாம். ஆனால் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். காதல் பாட்டைக் கண்டித்துப் பிரசங்கம் செய்கிறவர்கள், நம் கல்யாணங்களில் சாதிப் பெருமைப் பாட்டு ஓடும்போது சாப்பாட்டுப் பந்தியில் தலைகுனிந்து உட்கார்ந்திருக்கிறார்கள். சாதி கடந்த ஒரு காதல் கல்யாணத்தைத் தொடர்ந்து 2012 நவம்பரில் நத்தம் காலனியில் தலித் மக்களின் வீடுகள் எரிந்த மாவட்டம் இது. "யூதனென்றும் கிரேக்கனென்றுமில்லை" என்று காலையில் வாசித்துவிட்டு மாலையில் அந்தப் பாட்டுக்கு ஆடுவதை என்னால் தாங்க முடியவில்லை. டிஜேகாரரிடம் முன்பணம் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள்: அந்தப் பாட்டு ஒன்று வந்தாலும் மீதிப் பணம் கிடையாது.

கிருஷ்ணகிரி: சினிமா மெட்டில் ஆராதனைப் பாட்டு எழுதலாமா?

வேண்டாம். சபையார் கண்ணை மூடினால் அந்தப் படத்தின் காட்சிதான் வரும். மெட்டும் இன்னொருவர் உழைப்பு.

காவேரிப்பட்டணம் பக்கம்: ஐயா, எங்கள் குடும்பம் பம்பை என்கிற இரட்டை மேளம் அடிக்கிற குடும்பம். போன வருஷம் ஞானஸ்நானம் எடுத்தேன். பம்பை பிசாசின் வாத்தியம், விற்றுவிடு என்கிறார்கள். அப்பா அடித்த பம்பை அது.

உங்கள் கேள்வியைப் படித்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அம்மன் பண்டிகையில் சாமியை வரவழைக்க அடிப்பதை இனிச் செய்ய மாட்டேன் என்று உங்கள் மனச்சாட்சி சொன்னால் அதைக் கேளுங்கள். அந்த வருமானம் போகும். அதை ஈடுகட்டச் சபை வழி பார்க்க வேண்டும், வெறும் புத்திமதி போதாது. ஆனால் தோலிலும் மரத்திலும் பிசாசு இல்லை. தஞ்சாவூர் வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864), குறி சொல்கிற குறத்தி வருகிற குறவஞ்சியையே எடுத்துப் பெத்லகேம் குறவஞ்சி பாடினார். நாம் இன்றும் பாடுகிற கீர்த்தனைகளின் ராகங்களும் சபைக்குள் பிறந்தவை அல்ல. தமிழிசையை ஆராய்ந்து 1917-ல் கருணாமிர்த சாகரம் வெளியிட்ட ஆபிரகாம் பண்டிதரும் கிறிஸ்தவர்தான்.

பம்பையை விற்காதீர்கள். உங்கள் மூப்பர்களிடம் பேச நானும் வருகிறேன். கிறிஸ்துமஸ் பவனிக்கு எங்கள் குழுவில் தாளத்துக்கு ஆள் இல்லை. ஒரு சனிக்கிழமை சாயங்காலம் பம்பையோடு ஒத்திகைக்கு வாங்க.