அம்மாவுக்கு முழங்கால் வலி, பையனுக்கு 7 வயது: பாங்காக் வாய்க்கால்களில் காலைப் படகு சரிவருமா?

கேள்வி: டிசம்பரில் நான்கு நாள் பயணமாக பாங்காக் போகிறோம். நான், கணவர், 7 வயது மகன், 68 வயது அம்மா. வாய்க்கால் வழியே படகில் போய் ஊரைப் பார்க்க வேண்டும் என்பது அம்மாவின் ஆசை. ஹோட்டலில் மாலை நேரத்துப் பெரிய படகைச் சொல்கிறார்கள். எட்டுப் பேர் மட்டும் போகும் காலைப் படகுதான் நல்லது என்கிறாள் என் தோழி. ஆனால் அதற்கு விலை இரண்டு மடங்குக்கு மேல். அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு. நாங்கள் சைவம். எதை எடுப்பது? (கோவையிலிருந்து ஒரு வாசகி)

பதில்: உங்கள் தோழி சொன்னதுதான் சரி. காலையில் போங்கள், சின்னப் படகில் போங்கள். ஆனால் 'எட்டுப் பேர் மட்டும்' என்பதை நம்பி உடனே பணம் கட்டிவிடாதீர்கள். படகு எந்த வாய்க்காலுக்குள் போகிறது, வாய்க்காலுக்குள்ளே மட்டும் எத்தனை நிமிடம் இருக்கிறது, எந்தத் துறையில் ஏற்றி எந்தத் துறையில் இறக்குகிறார்கள் என்ற மூன்றையும் கேட்டு, தெளிவான பதில் வந்தால் மட்டும் கட்டுங்கள். பல வருடங்களாகக் குடும்பங்களுக்கு இந்தப் பயணத்தை ஏற்பாடு செய்து தருகிறேன். ஏமாற்றத்தோடு திரும்பியவர்களில் பெரும்பாலோர் இந்த மூன்றைக் கேட்காமல் போனவர்கள்தான்.

ஹோட்டலில் சொல்லும் மாலைப் படகு வாய்க்காலுக்குள் போகாது. அது சாவ் பிரயா ஆற்றில் மேலும் கீழும் போய்வரும் படகு. விளக்கு வெளிச்சத்தில் கோயில்களைக் காட்டுவார்கள், சாப்பாடு போடுவார்கள். அதுவும் அழகுதான். ஆனால் உங்கள் அம்மா கேட்டது அதுவல்ல. பெரிய படகு வாய்க்காலின் பாலங்களுக்கு அடியில் நுழையவே முடியாது.

வாய்க்கால்கள் இன்று அதிகம் உயிரோடு இருப்பது ஆற்றின் மேற்குக் கரையில், தோன்புரியில். கிழக்குக் கரையிலும் ஒரு காலத்தில் ஏராளமாக இருந்தன. 1860களில் சரோன் க்ருங் சாலை போட்டதில் தொடங்கி, பலவற்றைத் தூர்த்துச் சாலையாக்கிவிட்டார்கள். தோன்புரிப் பக்கம் அந்த வேகத்தில் மாறவில்லை. 1767 முதல் 1782 வரை நாட்டின் தலைநகரமே அந்தக் கரையில்தான் இருந்தது. அங்கே முக்கியமானவை பாங்காக் நோய், பாங்காக் யாய் என்று இரண்டு வாய்க்கால்கள். தாய் மொழியில் நோய் என்றால் சிறியது, யாய் என்றால் பெரியது. வாய்க்காலை அவர்கள் 'க்லோங்' என்பார்கள்.

இந்த இரண்டும் வெட்டிய வாய்க்கால்களே அல்ல என்பது பலருக்குத் தெரியாது. சாவ் பிரயா ஆறு முதலில் ஓடிய பாதை அதுதான். மேற்கே பெரிய வளையமாகச் சுற்றி வந்த ஆற்றுக்கு, 1542 வாக்கில் குறுக்கே ஒரு வாய்க்கால் வெட்டினார்கள். அப்போதைய தலைநகரமான அயுத்தியாவுக்குப் போகும் கப்பல்களுக்கு நாள் மிச்சமாகட்டும் என்று. தண்ணீர் அந்தக் குறுக்கு வழியையே பிடித்துக்கொண்டது. வெட்டிய வாய்க்கால் ஆறாக அகன்றது, பழைய ஆறு ஒடுங்கி வாய்க்காலாயிற்று. வாட் அருண் கோயிலும் அரண்மனையும் எதிரெதிரே நிற்பது மனிதர்கள் வெட்டிய அந்தத் துண்டின் கரைகளில்தான். படகில் உட்கார்ந்திருக்கும்போது இதை அம்மாவிடம் சொல்லுங்கள். பார்க்கிற கண்ணே மாறிவிடும்.

ஆகவே பாங்காக் நோய் வழியாக உள்ளே போய், வளைந்து, பாங்காக் யாய் வழியாக வெளியே வருகிற சுற்றாகப் பாருங்கள். எந்த வழி என்று கேட்டால் 'தோன்புரி வாய்க்கால்கள்' என்று பொதுவாகச் சொல்வார்கள். பெயர் கேளுங்கள். 'ஒரு மணி நேரம்' என்று விற்கிற பயணத்தில் பாதி ஆற்றிலேயே போய்விடும். வாய்க்காலுக்குள் குறைந்தது ஒன்றரை மணி நேரம் வேண்டும். கோயிலில் இறங்கி ஏறுவதையும் சேர்த்து மொத்தம் இரண்டரை, மூன்று மணி நேரம் ஆகும். அதற்குக் குறைந்தால் வேகமாக ஓட்டுவார்கள். லாங்டெயில் என்கிற நீண்ட மோட்டார் படகு வேகமெடுத்தால் மூக்கு நுனி தூக்கிக்கொள்ளும், முன்னால் இருப்பவர் தலைதான் தெரியும், கரை தெரியாது.

இந்த லாங்டெயில் படகைப் பற்றிச் சொல்ல வேண்டும். கார் அல்லது லாரி என்ஜினைப் பின்பக்கத்தில் திறந்தபடி பொருத்தியிருப்பார்கள். அதிலிருந்து ஒரு நீண்ட தண்டு, அதன் நுனியில் தண்ணீரைத் தள்ளும் சுழலி. படகோட்டி என்ஜினையே திருப்பித்தான் படகைத் திருப்புவார். ஆகாயத்தாமரை சுற்றிக்கொண்டால் தண்டை அப்படியே தண்ணீருக்கு மேலே தூக்கிவிடுவார். ஆழமில்லாத குறுகலான வாய்க்காலுக்கு இதைவிடப் பொருத்தமான படகு கிடையாது. ஒரே குறை சத்தம். என்ஜின் ஓடும்போது வழிகாட்டி சொல்வது காதில் விழாது. நல்ல வழிகாட்டி நடுநடுவே என்ஜினை நிறுத்தச் சொல்லிவிட்டுப் பேசுவார். இதையும் முன்கூட்டியே கேளுங்கள். பையனுக்குக் காதில் வைக்கப் பஞ்சு எடுத்துக்கொள்ளுங்கள். கூரை போட்ட, மெதுவாகப் போகும் மரப்படகில் கூட்டிப்போகிறவர்களும் உண்டு. விலையில் பெரிய வித்தியாசம் இல்லை என்றால் அம்மாவுக்காக அதையே எடுங்கள்.

காலை ஏன் என்றால், வெயில் ஒரு காரணம், வெளிச்சம் இன்னொரு காரணம். வாட் அருண் மேற்குக் கரையில் கிழக்குப் பார்த்து நிற்பது. ஆற்றிலிருந்து பார்த்தால் காலை வெயில் நேராக அதன் முகத்தில் விழும், கோபுரத்தில் பதித்த பீங்கான் பூக்கள் ஒவ்வொன்றும் துலங்கும். மாலையில் அதே கோபுரம் நிழலுருவமாகத்தான் தெரியும். கோயில் பெயரே அருணன் பெயர்தானே. எல்லாவற்றையும்விடப் பெரிய காரணம் மனிதர்கள். ஏழு, எட்டு மணிக்குப் படிக்கட்டில் உட்கார்ந்து பாத்திரம் கழுவுகிற பாட்டி, தூணில் தொங்கும் தொட்டிச்செடிக்கு நீர் ஊற்றுகிறவர், வீட்டுக்கு முன்னே கம்பத்தில் நிற்கிற சின்னத் தெய்வ மாடத்தில் பூ வைக்கிறவர் என்று வாய்க்கால் ஒரு தெருவாக இருக்கும். பத்தரை மணிக்கு மேல் எல்லோரும் நிழலுக்குள் போய்விடுவார்கள், படகுகள்தான் மிஞ்சும்.

எழுந்திருக்க முடியுமா என்று யோசிக்காதீர்கள். பாங்காக் நம்மைவிட ஒன்றரை மணி நேரம் முன்னால். அங்கே காலை 8 மணி என்றால் உங்கள் உடம்புக்கு ஆறரை. ஆனால் இரவு விமானத்தில் போய் விடியற்காலை இறங்கும் நாளில் மட்டும் படகை வைக்காதீர்கள். இரண்டாம் நாள் வையுங்கள்.

இனி முழங்கால். இதில்தான் நான் மிகவும் பிடிவாதமாக இருப்பேன். படகில் உட்காருவது கஷ்டமில்லை, சாய்மானம் உள்ள பலகை இருக்கை இருக்கும். ஏறி இறங்குவதுதான் கஷ்டம். சாவ் பிரயாவில் கடலின் ஏற்ற இறக்கம் பாங்காக் வரைக்கும் தெரியும். ஆற்றின் பெரிய துறைகளில் மிதவைகள் போட்டிருப்பார்கள். தண்ணீரோடு சேர்ந்து அவையும் ஏறி இறங்குவதால் படகின் விளிம்பும் துறையும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் இருக்கும். ஆனால் சிறிய துறைகளில் வெறும் சிமென்ட் படிகள்தான். தண்ணீர் வற்றிய நேரத்தில் கீழ்ப்படிகள் வெளியே தெரியும், பச்சைப் பாசியோடு.

என் அத்தையைக் கூட்டிப்போனபோது இதைச் சரியாக விசாரிக்காமல் விட்டேன். படகோட்டி ஒரு படித்துறையில் நிறுத்தினார். மேலே நான்கு படி காய்ந்திருந்தது. கீழே மூன்று படி வழவழவென்று மின்னியது. அத்தை நான்காம் படியில் நின்று அந்த மூன்றையும் ஒரு தடவை பார்த்தார். புடவையைச் சுருட்டிக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்தபடியே ஒவ்வொரு படியாக நகர்ந்து இறங்கினார். இரண்டு பக்கமும் ஆள் பிடித்தோம். விழவில்லை, ஆனால் அந்தப் பயம் பயணம் முழுக்க அவர் கையில் இருந்தது, கம்பியை விடவே இல்லை. அன்றிலிருந்து வயதானவர் வந்தால் மிதவைத் துறை இல்லாத இடத்தில் நான் ஏற்றுவதில்லை.

நீங்கள் கேட்க வேண்டியது இதுதான்: "ஏறுவதும் இறங்குவதும் மிதவைத் துறையிலா? நடுவில் எத்தனை இடத்தில் இறங்க வேண்டும்?" ஒரே ஒரு இடத்தில் இறங்கினால் போதும். மற்ற இடங்களில் அம்மா படகிலேயே இருக்கலாமா என்று கேளுங்கள். ஏறும்போது விளிம்பில் கால் வைத்து நிற்கக் கூடாது. படகோட்டியின் கையைப் பிடித்து, படகின் நடுப்பகுதியில் கால் வைத்து, உடனே உட்கார்ந்துவிட வேண்டும். நடு வரிசை இருக்கையை அம்மாவுக்குக் கேட்டு வாங்குங்கள். முன்னால் தூக்கிப்போடும், தண்ணீர் தெறிக்கும். பின்னால் என்ஜின். லாங்டெயில் படகில் கழிப்பறை கிடையாது என்பதால் கோயிலில் இறங்கும் நேரத்தைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். தலைசுற்றலுக்குப் பயப்பட வேண்டாம். வாய்க்காலுக்குள் அலை கிடையாது. ஆற்றைக் கடக்கும் சில நிமிடம் மட்டும் பெரிய படகுகளின் அலையில் ஆடும்.

பையனுக்கு இந்தப் பயணத்தில் மிகவும் பிடிக்கப்போவது மதகு. வெள்ளமும் ஏற்றமும் உள்ளே புகாமல் இருக்க வாய்க்கால் வாயில்களில் மதகு வைத்திருக்கிறார்கள். வெளியே ஒரு மட்டம், உள்ளே ஒரு மட்டம் என்றால் படகை இரண்டு கதவுகளுக்கு நடுவே விட்டுப் பின்கதவை மூடுவார்கள். என்ஜின் நின்றுவிடும், ஒரு நிமிடம் அமைதி. பக்கச் சுவரில் ஈரக்கோடு ஒன்று தெரியும். அதையே பார்த்துக்கொண்டிருக்கச் சொல்லுங்கள். கோடு மெல்ல உயரும், அல்லது தண்ணீருக்குள் போகும். படகு அசைந்ததாகவே தோன்றாது. மட்டம் சமமானதும் முன்கதவு திறக்கும். சில நாள் இங்கே பத்து இருபது நிமிடம் காத்திருக்க வேண்டிவரும். அதை நேரவிரயம் என்று நினைக்காதீர்கள். கோயில் துறைகளில் யாரும் மீன் பிடிப்பதில்லை என்பதால் கெளுத்தி இனத்துப் பெரிய மீன்கள் மொய்த்துக் கிடக்கும். அங்கேயே தீனி விற்பார்கள். கரையில் நீர் உடும்புகள் வெயில் காயும், ஆள் நீளத்துக்குக்கூட இருக்கும். கையை வெளியே நீட்டாமல் பார்க்கட்டும். குழந்தை அளவு மிதவைச் சட்டை இருக்கிறதா என்று முன்பே எழுதிக் கேளுங்கள். பெரியவர்கள் சட்டையைப் போட்டுவிட்டால் அது தோளில் நிற்காது.

பாங்காக் யாய் பக்கம் வரும்போது வாட் பாக்நாம் கோயிலின் புத்தர் கூரைகளுக்கு மேலே எழுந்து தெரிவார். 69 மீட்டர் உயரம், 2021இல் முடித்தது. இறங்கும் இடம் ஒன்றுதான் என்றால் நான் இதையே எடுப்பேன். தோளும் முழங்காலும் மூடிய உடை வேண்டும்.

விலைக்கு வருகிறேன். சிறு குழுவுக்குத் தலைக்கு விலை, தனிப்படகுக்குப் படகுக்கு விலை. நீங்கள் நான்கு பேர். நால்வருக்கும் கூட்டிப் பார்த்தால் தனிப்படகே குறைவாக வரலாம். ஆனால் தனிப்படகில் பேச ஆள் இருக்காது, படகோட்டிக்கு வழி மட்டும்தான் தெரியும். சிறு குழுவில் நீங்கள் கொடுக்கும் பணம் வழிகாட்டிக்கு. வழிகாட்டி யார், ஆங்கிலம் எப்படி என்று தெரியாவிட்டால் அந்தக் கூடுதல் விலைக்கு அர்த்தம் இல்லை. அரண்மனை வாசலில் "இன்று மூடியிருக்கிறது, வாருங்கள் படகுக்குக் கூட்டிப்போகிறேன்" என்று யாராவது சொன்னால் பதில் சொல்லாமல் நடந்துவிடுங்கள். அது பழைய தந்திரம், கொண்டுபோய் விடும் துறையில் விலை பல மடங்கு.

சனி, ஞாயிறில் தாலிங் சான் மிதக்கும் சந்தை இருக்கும், அதையும் சேர்த்து விற்பார்கள். உங்களுக்கு வேண்டாம் என்பேன். பெரும்பாலும் சுட்ட மீனும் இறாலும்தான், கூட்டமும் அதிகம். வார நாளில் போங்கள். சைவச் சாப்பாட்டில் கவனிக்க வேண்டியது மீன் சாறு, அவர்கள் 'நாம் ப்லா' என்பது. காய்கறிப் பொரியலில்கூட ஊற்றுவார்கள். 'ஜே' என்று சொன்னால் முழுச் சைவம் என்று புரிந்துகொள்வார்கள். மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்து இருக்கும் கடை அந்த வகை. துறைப் பக்கத்தில் குழியுள்ள இரும்புக் கல்லில் ஒரு பெண்மணி கரண்டியால் எதையோ கிளறி எடுப்பதைப் பார்த்தால் நில்லுங்கள், அது 'கனோம் க்ரோக்'. அரிசி மாவும் தேங்காய்ப் பாலும் சேர்ந்த, நம் குழிப்பணியாரத்தின் தங்கை. ஓரம் மொறுமொறுவென்று, நடுவில் இன்னும் பால் தளும்பும். இறால் போடாததா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

மதியச் சாப்பாட்டுக்குத் தா தியன் துறையில் இறக்கிவிடச் சொல்லி, அங்கிருந்து வண்டி பிடித்து பாஹுரத் போங்கள். சீக்கிய குருத்துவாராவைச் சுற்றியுள்ள இந்தியக் கடைத்தெரு அது, சைவச் சாப்பாட்டுக் கடைகள் உண்டு. போகிற வழியில் பாக் க்லோங் தலாத் பூச்சந்தை வரும். அம்மா இறங்கச் சொல்வார். மூட்டை மூட்டையாக மல்லிகை குவிந்து கிடக்கும்.