பிளட்லைன்ஸ்: எந்தக் குலம், எந்தத் திறன்?

கேள்வி: இரத்தக் காட்டேரியாக ஆடும் ‘வேம்பயர்: தி மாஸ்கரேட் – பிளட்லைன்ஸ்’ கணினி ஆட்டத்தை முதன்முறையாக ஆடுகிறேன். காட்டேரிக் குலங்களில் டோரியடோரைத் தேர்ந்தெடுத்து, கிடைத்த புள்ளிகளை எல்லாத் திறன்களுக்கும் சிறிது சிறிதாகப் பகிர்ந்துவிட்டேன். ஆட்டம் தொடங்கும் சாண்டா மோனிகாவில் சிரமமில்லை; ஹாலிவுட் சாக்கடைச் சண்டைகளில் தோற்றுக்கொண்டே இருக்கிறேன். வேறு குலத்தில் முதலிலிருந்து தொடங்க வேண்டுமா?

பதில்: வேண்டியதில்லை. உங்கள் சிக்கலுக்குக் காரணம் குலம் அன்று, புள்ளிகளைப் பகிர்ந்த விதம். டிரோய்கா நிறுவனம் உருவாக்கி 2004-இல் வெளியான இந்த ஆட்டத்தில் எதிரிகளைக் கொல்வதற்கு அனுபவப் புள்ளிகள் கிடைப்பதில்லை. ஒப்படைக்கப்பட்ட வேலைகளை முடித்தால்தான் கிடைக்கும். எனவே, மற்ற ஆட்டங்களைப் போல ஓரிடத்தில் நின்று சண்டையிட்டுப் பலத்தைக் கூட்டிக்கொள்ள இங்கே வழியில்லை.

குணநலத் தாளை நிதானமாகப் பாருங்கள். ஆட்டம் உண்மையில் கணக்கில் கொள்வது ஓர் இயல்பும் ஒரு திறனும் சேர்ந்த கூட்டுத்தொகையை. பூட்டைத் திறக்க டெக்ஸ்டெரிட்டியும் (சுறுசுறுப்பு) செக்யூரிட்டியும், கணினியை ஹேக் செய்ய விட்ஸும் (சமயோசிதம்) கம்ப்யூட்டரும், துப்பாக்கிக்குப் பெர்செப்ஷனும் (கூர்நோக்கு) ஃபயர்ஆர்ம்ஸும், கத்தி, வாள் போன்றவற்றுக்கு ஸ்ட்ரெங்த்தும் (வலிமை) மெலீயும் (கைகலப்பு) கூட்டப்படுகின்றன; ஒவ்வொரு இணையிலும் முதலாவது இயல்பு, அடுத்தது திறன். டெக்ஸ்டெரிட்டி 3, செக்யூரிட்டி 2 என்றால் உங்கள் பூட்டுத் திறக்கும் அளவு 5. இயல்புக்கு ஆகும் செலவு திறனுக்கு ஆவதைவிட அதிகம். ஆனால் ஓர் இயல்பு ஒன்றுக்கு மேற்பட்ட கூட்டுத்தொகைகளில் பங்கெடுக்கிறது. டெக்ஸ்டெரிட்டியை உயர்த்தினால் பதுங்கி நடப்பதும் கூடவே உயரும். விட்ஸை உயர்த்தினால் ஹேக்கிங்குடன் தற்காப்பும் உயரும். ஒரு கூட்டுத்தொகை மட்டும் தேவையென்றால் திறனை வாங்குங்கள், இரண்டும் தேவையென்றால் இயல்பை வாங்குங்கள். ஒவ்வொன்றிலும் அடுத்தடுத்த படி விலையேறிக்கொண்டே போகும் என்பதால், எங்கும் ஒன்றிரண்டு படிகள் வாங்கியவருக்கு எதுவும் கைகொடுக்காது. பேச்சில் கிடைக்கும் சிறப்பு விடைகளும் கூட்டுத்தொகை போதாவிட்டால் திரையில் தோன்றவே தோன்றா.

தொடக்கத்தில் மெர்குரியோ என்ற பாத்திரம் சொல்லும் வெடிபொருள் வேலையை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள்: கடற்கரை வீட்டில் பேசியும், பதுங்கிச் சென்றும், சுட்டும் அதை முடிக்கலாம். இந்தத் தாராளம் ஆட்டத்தின் பிற்பகுதியில் இல்லை என்பதை நான் ஒரு பெரிய குறையாகவே கருதுகிறேன். ஹாலிவுட்டுக்குப் பிறகு சண்டை தவிர்க்க முடியாததாகிவிடுகிறது. பேச்சை மட்டும் வளர்த்தவர் அங்கே தவிப்பார்.

ஆகவே, இனி வரும் புள்ளிகளை ஒரே சண்டை முறைக்குக் கொடுங்கள். தொடக்கத்தில் துப்பாக்கி பலவீனமானது. திரையில் குறி பார்க்கும் வட்டம் சுருங்கும்வரை காத்திருந்து சுட வேண்டியிருக்கும். பிற்பகுதியில் நல்ல துப்பாக்கிகள் கிடைத்து, கூட்டுத்தொகையும் உயர்ந்த பின் அது சிறப்பாக உழைக்கும். உடனே தப்ப வேண்டிய நிலையில் இருக்கும் உங்களுக்கு மெலீதான் நல்ல தேர்வு. உங்கள் குலத்துக்குரிய செலெரிட்டி, சுற்றியுள்ளவர்களை மந்தமாக்கி உங்களை வேகமாக இயங்க வைக்கும்; அதையும் உயர்த்துங்கள். எல்லாக் குலத்தாருக்கும் உள்ள பிளட் பஃப் என்னும் ஆற்றல் உடல் இயல்புகளைச் சற்று நேரத்துக்கு உயர்த்துவதால், கடினமான பூட்டுக்கு முன்னும் சண்டைக்கு முன்னும் அதைப் பயன்படுத்தினால் புள்ளிகள் மிச்சமாகும். இவை எல்லாவற்றுக்கும் இரத்தம் செலவாகும். சாண்டா மோனிகா மருத்துவமனையின் இரத்த வங்கியில் விற்கும் வேண்டல் என்பவரிடம் இரத்தப் பொட்டலங்களை வாங்கி வைத்துக்கொண்டு சாக்கடைக்குள் இறங்குங்கள்.

குலத்தைப் பொறுத்தவரை, முதல் ஆட்டத்துக்கு டோரியடோரும் ப்ரூஹாவும் மிகவும் பொருத்தமானவை என்பது என் உறுதியான கருத்து. வென்ட்ரூ ஆதிக்கம் செலுத்துவதில் வல்லது, ஆனால் தெருவோர மக்களின் இரத்தம் அதற்கு ஒத்துக்கொள்ளாது. ட்ரெமியரின் இரத்த மந்திரம் வலிமையானது. நாஸ்ஃபெராட்டுவின் உருவத்தை மனிதர் கண்டாலே, காட்டேரிகள் இருப்பதை மனிதரிடம் மறைக்க வேண்டும் என்ற மறைவு விதி மீறப்பட்டதாகக் கணக்காகும். ஐந்து மீறல்களில் ஆட்டம் முடிந்துவிடும், அதனால் ஊரைச் சாக்கடை வழியாகவே கடக்க நேரும். மால்கேவியனின் உரையாடல்கள் முழுவதும் தனியாக எழுதப்பட்டவை, பின்னால் நடக்கப்போவதைப் புதிர்களாக முன்கூட்டியே சொல்பவை. கதையை ஒருமுறை முடித்தவருக்கே அவற்றின் அருமை புரியும் என்பதால், அந்தக் குலத்தை இரண்டாம் ஆட்டத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.