ஐஸ் பெட்டியில் மல்லிகை

அன்புள்ள ஐயா,

ஜெர்மனியில் இருக்கும் மச்சான் லீவுக்கு வந்தபோது கெவுர்ஸ்ட்ராமினர் என்ற வெள்ளை ஒயின் இரண்டு பாட்டில் கொண்டுவந்தார். ரோஜாவும் லிச்சியும் மணக்கும் என்றார். ஒன்றை ஃபிரீசரில் வைத்து நன்றாக ஜில்லென்று ஆக்கி, மட்டன் சுக்காவோடு குடித்தோம். வாசமே இல்லை, தொண்டைதான் எரிந்தது. நம் மதுரைச் சாப்பாட்டில் எதோடு இது சேரும்? நமக்கெல்லாம் ஒத்துவராத சரக்கா?

பெயர் வேண்டாம், திருநகர்

அன்புள்ள நண்பருக்கு,

ஒத்துவருமா என்பதை நீங்களும் உங்கள் வீட்டம்மாவும் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள். எனக்குக் கோபம் வந்தது ஃபிரீசர் என்ற இடத்தில்தான்.

போன வாரம் மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் ஒருவர் தெர்மாகோல் பெட்டியைத் திறந்து, ஐஸுக்கு நடுவிலிருந்து மல்லிகை மொட்டை அள்ளிக் காட்டினார். பார்க்க முத்து மாதிரி இருந்தது. முகர்ந்தால் ஒன்றுமில்லை. அதையே யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் உங்கள் கடிதம் வந்தது.

சிம்மக்கல்லில் இருந்த என் அத்தை நிறத்தைப் பார்த்துப் பூ வாங்கியதே இல்லை. நாலு மொட்டை உள்ளங்கையில் பொத்தி, பூக்காரம்மா பொறுமையிழக்கும் வரை நிற்பார். கைச்சூடு ஏறிய பிறகுதான் முகர்வார். "வெக்கை பட்டாத்தான்டா வாசம் வாயைத் திறக்கும்" என்பார். அவர் பூக்கட்டும்போது வீட்டில் யாரும் ஊதுபத்தி கொளுத்தக் கூடாது. கொளுத்தி நான் வாங்கிய வசவு இங்கே எழுதும்படியாக இருக்காது.

அத்தை ஒயினைக் கண்டவரில்லை. ஆனால் அவர் சொன்னதுதான் ஒயினுக்கும் விதி. மணப்பொருள் ஆவியாகி மூக்குக்கு வந்தால்தான் மணம். குளிரில் அது எழும்பாது. மதுரை மல்லியில் இருக்கும் லினலூல் என்ற மணப்பொருள் உங்கள் ஒயினிலும் இருக்கிறது. மச்சான் சொன்ன ரோஜா, லிச்சி வாசம் ரோஸ் ஆக்சைடு என்ற இன்னொரு மணப்பொருளால் வருவது. அது நிஜ லிச்சிப் பழத்திலேயே உண்டு. இவ்வளவையும் உறைய வைத்துவிட்டு வாசமில்லை என்று புகார் வேறு!

நம்பாவிட்டால் கம்பம் பன்னீர் திராட்சை கால் கிலோ வாங்குங்கள். 2023இல் புவிசார் குறியீடு பெற்றதே, அதுதான். மஸ்கட் ஹாம்பர்க் என்ற, வாசனைக்குப் பேர்போன சாதி. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு ஒன்றைத் தின்னுங்கள். அப்புறம் அரை மணி நேரம் வெளியே கிடந்ததைத் தின்னுங்கள். அதற்குப் பிறகும் ஃபிரீசர்தான் என்றால் எனக்கு எழுத வேண்டாம்.

இரண்டாவது பாட்டிலை ஃபிரிட்ஜில் வையுங்கள். நம் ஊர் வெயிலுக்கு, குடிப்பதற்கு இருபது நிமிடம் முன்னால் வெளியே எடுத்தால் சரியாக இருக்கும். 10 முதல் 12 டிகிரி போதும். எவர்சில்வர் டம்ளர் வேண்டாம். வாய் குவிந்த கண்ணாடி கிளாஸில் மூன்றில் ஒரு பங்கு ஊற்றிச் சுழற்றி முகருங்கள். ஒரு வாய் குடித்து விழுங்கியதும் உதட்டை மூடிக்கொண்டு மூக்கு வழியாக மூச்சை விடுங்கள். பாதி வாசம் அந்தப் பின்வாசல் வழியாகத்தான் வரும். அன்றைக்கு ஊதுபத்தி கிடையாது. வீட்டம்மா மல்லிகை வைத்திருந்தால் கொஞ்சம் தள்ளி உட்காரச் சொல்லுங்கள். சொல்லும் தைரியம் இருந்தால்.

சாப்பாட்டைக் கேட்டீர்கள் அல்லவா? இந்த ஒயினில் ஆல்கஹால் 13, 14 சதவீதம் வரை இருக்கும். அது மிளகாய்க் காரத்தை இன்னும் ஏற்றிவிடும். தொண்டை எரிந்தது அதனால்தான். அயிரை மீன் குழம்பும் வேண்டாம். ஒயினில் புளிப்பு குறைவு, புளிக்கு முன்னால் சப்பென்று ஆகிவிடும். தேங்காயும் முந்திரியும் அரைத்து, சோம்பு தூக்கலாக, பச்சை மிளகாயைப் பாதியாகக் குறைத்து வைத்த வெள்ளைக் குருமாவும் இடியாப்பமும் செய்துபாருங்கள். பிரான்ஸின் அல்சாஸில் இதே ஒயினை சீரகம் தூவிய முன்ஸ்டர் சீஸோடு சாப்பிடுகிறார்கள். சீரகம் நமக்கென்ன புதிதா?

சுக்காதான் வேண்டும் என்றால் அடுத்த லீவுக்கு மச்சானிடம் ஜெர்மனியின் மோசல் பகுதியில் செய்யும் ரீஸ்லிங் என்ற வெள்ளை ஒயினில் இனிப்பு வகையைக் கேளுங்கள். ஆல்கஹால் 8, 9 சதவீதம்தான் இருக்கும். காரத்தை அந்த இனிப்பு சமாளித்துவிடும்.