பேட்ரிக்கின் காலடிப் பாம்புகள்

அன்புள்ள ஐயா,

கரீபியன் நாடான ஹைத்தியில், ஆப்பிரிக்க அடிமைகளிடமிருந்து வந்த வூடூ மதத்தின் பூசை மேடைகளில் கத்தோலிக்கப் புனிதர்களின் படங்கள் இருப்பதைப் பற்றி எழுதியிருந்தீர்கள். எஜமானர்களை ஏமாற்றுவதற்காக அடிமைகள் தங்கள் தெய்வங்களைப் புனிதர்களுக்குப் பின்னால் ஒளித்துவைத்தார்கள் என்றுதான் நான் படித்திருக்கிறேன். அப்படியென்றால் விடுதலைக்குப் பிறகும் ஏன் அந்தப் புனிதர்களை விடவில்லை?

க., திருச்சி

அன்புள்ள க.,

நீங்கள் கேட்ட கேள்வியிலேயே அந்த விளக்கம் பாதி உடைந்துவிடுகிறது. நானும் வெகுநாள் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன்.

ஒளித்தது உண்மைதான். பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயியின் 1685ஆம் ஆண்டு அடிமைச் சட்டம் எல்லா அடிமைகளுக்கும் ஞானஸ்நானத்தைக் கட்டாயமாக்கியது. கத்தோலிக்கம் தவிர வேறு வழிபாடு பொதுவில் கூடாது என்றது. ஆனால் 1804இல் ஹைத்தி பிரான்சிடமிருந்து விடுதலை அடைந்த பின், 1860இல் வாடிகனோடு ஒப்பந்தம் ஏற்படும்வரை, ரோம் முறைப்படி அனுப்பிய பாதிரியார்கள் அங்கே இல்லை. அரசு வூடூவைத் தடை செய்ததுண்டு. திருச்சபையின் கண் இல்லை. அந்த அரை நூற்றாண்டிலும் புனிதர்கள் போகவில்லை.

இன்னொன்று, ஆப்பிரிக்காவின் காங்கோ அரசர் 1491லேயே ஞானஸ்நானம் பெற்றவர். அங்கிருந்து பிடித்துவரப்பட்டவர்களில் பலர் கப்பலேறும் முன்பே புனித யாகப்பரை அறிந்தவர்கள். வாளேந்திக் குதிரைமேல் வரும் யாகப்பர் ஹைத்தியில் இரும்புக்கும் போருக்கும் உரிய தெய்வமான ஓகு. ஜூலை 25, அவருடைய திருநாளில், வடக்கே பிளேன் டு நோர் ஊரில் இன்றும் ஜனங்கள் சேற்றுக் குளத்தில் இறங்கிப் புரள்கிறார்கள்.

எனக்குப் பிடித்தது புனித பேட்ரிக் கதை. பச்சை அங்கி, ஆயரின் கோல், காலடியில் பாம்புகள். அயர்லாந்திலிருந்து பாம்புகளை விரட்டியவர் என்பது திருச்சபை சொல்லும் கதை. ஹைத்திக்காரர் கண்ணுக்கோ படத்தில் விரட்டலே இல்லை. பாம்புகள் அவரைத் தேடி வந்து கிடக்கின்றன. சரி, இவர் பாம்புத் தெய்வமான தம்பலாதான் என்று முடிவு செய்தார்கள். மாவைக் குவித்து அதன் உச்சியில் ஒரு முட்டையை வைத்து அவருக்குப் படைக்கிறார்கள். படத்தை இவ்வளவு உற்றுப் பார்த்தவர்களை வெறுமனே முகமூடி போட்டவர்கள் என்று எப்படிச் சொல்வது?

போலந்தின் செஸ்டோகோவா ஊர்க் கறுப்பு மாதா படத்தில் கன்னத்தில் இரண்டு கீறல்கள் இருக்கும். அங்கே அதற்கு வாள் வெட்டுக் கதை ஒன்று உண்டு. ஹைத்தியில் அவள் எசிலி தாந்தோர் என்ற வூடூ பெண் தெய்வம். தழும்பு அவள் சண்டையில் வாங்கியது, கையில் இருப்பது இயேசு பாலன் அல்ல, அவள் மகள். ஹைத்தியை அடக்க நெப்போலியன் அனுப்பிய போலந்துச் சிப்பாய்களோடு இந்தப் படம் வந்தது என்று சொல்வார்கள். அந்தச் சிப்பாய்களில் சிலர் அங்கேயே தங்கிவிட்டதும், 1805 அரசியல் சட்டம் அவர்களுக்குக் குடியுரிமை தந்ததும் நிச்சயம்.

திருச்சபை இதைச் சும்மா விடவில்லை. 1941-42இல் மூடநம்பிக்கை ஒழிப்பு என்று மேளங்களையும் பூசைச் சாமான்களையும் குவித்து எரித்தார்கள். ஆனால் கிராமத்து வூடூ சடங்குகள் இன்றும் பெரும்பாலும் கத்தோலிக்க ஜெபத்தோடுதான் தொடங்குகின்றன. ஜெபம் சொல்வதற்கென்றே சபையின் பட்டம் பெறாத ஒரு 'காட்டுப் பாதிரி' உண்டு.

லுவா என்கிற இந்தத் தெய்வங்களின் தொல்லை தாங்காமல் அடியோடு விலக நினைப்பவரும் அங்கே உண்டு. அவர் இன்னும் நல்ல கத்தோலிக்கராக முயல்வதில்லை. நேரே புராட்டஸ்டன்ட் சபையில் போய்ச் சேர்ந்துவிடுகிறார்.