நிகோட்டினும் கணையமும்: எலிகளிடமிருந்து என்ன தெரிந்துகொள்ளலாம்?

நிகோட்டின் கணையத்தை என்ன செய்கிறது என்று எலி, சுண்டெலி இரண்டையும் வைத்துப் பல வருடங்களாகப் பார்த்து வருகிறேன். ஆய்வு மாணவர்களும் புகைப்பழக்கத்தை விட நினைப்பவர்களும் கேட்டவற்றுக்கு எனக்குத் தெரிந்த வரையில் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: புகை போவது நுரையீரலுக்கு. கணையம் எங்கே வந்தது மேடம்?

நிகோட்டின் நுரையீரலோடு நிற்பதில்லை, சில நொடிகளில் இரத்தத்தில் கலந்து உடம்பு முழுக்கப் போய்விடுகிறது. கணையத்தில் செரிமான நொதிகளைச் செய்கிற அசினார் செல்களிலும், இன்சுலின் சுரக்கிற பீட்டா செல்களிலும் நிகோட்டின் போய் ஒட்டக்கூடிய ஏற்பிகள் இருக்கின்றன. புகைப்பவர்களுக்குக் கணையப் புற்றுநோய் வரும் வாய்ப்பு, புகைக்காதவர்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு.

கேள்வி: அப்படியென்றால் புகைப்பவர்களையே ஆராயலாமே, எலி எதற்கு?

ஆராய்கிறார்கள், அதுவும் வேண்டும். ஆனால் சிகரெட் புகையில் 7,000-க்கும் மேற்பட்ட இரசாயனங்கள் இருக்கின்றன, புகைப்பவர்களில் பலர் குடிக்கவும் செய்கிறார்கள், குடியும் கணையத்தைக் கெடுக்கும். இதில் நிகோட்டினின் பங்கு எவ்வளவு என்று மனிதர்களை வைத்துப் பிரித்துச் சொல்வது ரொம்பக் கடினம். எலிக்கு நிகோட்டினை மட்டும் கொடுக்கலாம், புகையை மட்டும் கொடுக்கலாம், புகையிலையில் இருக்கும் என்என்கே என்ற நைட்ரோசமினை (புற்றுநோய் உண்டாக்கும் ஒரு இரசாயனம்) மட்டும் கொடுக்கலாம். இந்தப் பிரிப்புக்காகத்தான் விலங்கு மாதிரிகள், அதாவது மனிதருக்குப் பதிலாக விலங்கை வைத்துப் பார்ப்பது.

கேள்வி: முனைவர் பட்டத்துக்கு இதே தலைப்பு. எலியா, சுண்டெலியா? எவ்வளவு கொடுக்க வேண்டும் அக்கா?

இதற்குக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இந்தத் துறையில் பாதிக் குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது. மனித இரத்தத்தில் நிகோட்டின் பாதியாகக் குறைய சுமார் 2 மணி நேரம் ஆகும். எலிக்கு முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம். சுண்டெலிக்குப் பத்து நிமிடம்கூட ஆகாது. ஒரு நாளில் 20 சிகரெட் பிடிக்கிற 70 கிலோ மனிதருக்கு உள்ளே போவது, சிகரெட்டுக்கு ஒரு மில்லிகிராம் என்று வைத்தால், கிலோவுக்கு 0.3 மில்லிகிராம்தான். சுண்டெலிக்குச் சில ஆய்வுகளில் கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேலும் கொடுத்திருக்கிறார்கள், அதைப் பார்த்ததும் அநியாய அளவு என்று தோன்றும், ஆனால் அந்த உடம்பு அதை அவ்வளவு வேகமாகக் கழித்துவிடுகிறது. அதனால் கொடுத்த அளவை வைத்து முடிவு கட்டாமல் இரத்தத்தில் கோட்டினினை அளந்து பாருங்கள். நிகோட்டின் சிதைந்து வருவதுதான் கோட்டினின், அது உடம்பில் அதிக நேரம் தங்கும். தினமும் ஒரு பாக்கெட் பிடிப்பவர்களிடம் ஒரு மில்லிலிட்டருக்கு 250 முதல் 300 நானோகிராம் வரை இருக்கும். உங்கள் விலங்கு அந்த வட்டாரத்தில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மேலே போங்கள்.

அப்புறம் ஒரு எச்சரிக்கை. கடையில் வாங்கும் நிகோட்டின் பெரும்பாலும் டார்ட்ரேட் உப்பாகத்தான் வரும், அதன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் நிகோட்டின். நான் சேர்ந்த புதிதில் உப்பின் எடையையே நிகோட்டின் எடை என்று எடுத்துக்கொண்டு கரைசல் கலந்து, மூன்று வாரம் ஊசி போட்ட பிறகுதான் தவறு தெரிந்தது. அத்தனை விலங்குகளும் வீண். இன்றைக்கும் அதை நினைத்தால் மனசு கஷ்டப்படுகிறது. நீங்கள் எழுதும் கட்டுரையில் உப்பா, தனி நிகோட்டினா என்று கட்டாயம் குறிப்பிடுங்கள்.

கேள்வி: குடிதண்ணீரில் கலந்து கொடுத்தால் போதாதா?

கொடுக்கலாம், விலங்குக்கும் தொல்லை குறைவு. ஆனால் கசப்பு, அதனால் சாக்கரின் சேர்ப்பார்கள். அப்போது நிகோட்டின் கொடுக்காத ஒப்பீட்டுக் குழுவுக்கும் அதே சாக்கரின் தண்ணீர்தான் வைக்க வேண்டும். குடித்த நிகோட்டினில் பெரும்பகுதியைக் கல்லீரல் முதல் சுற்றிலேயே பிடித்துவிடும் என்பதையும் கணக்கில் வையுங்கள். அளவு சீராக இருக்க வேண்டுமென்றால் தோலுக்கடியில் வைக்கும் சிறிய பம்ப் நல்லது.

இதைவிடப் பெரிய சிக்கல் பசி. நிகோட்டின் கொடுத்த எலி குறைவாகச் சாப்பிடும், எடை ஏறாது. குறைவாகச் சாப்பிட்டாலே கணைய நொதிகள் மாறும், சர்க்கரை அளவும் மாறும். அப்போது நீங்கள் பார்த்தது நிகோட்டினின் வேலையா, பட்டினியின் வேலையா? நிகோட்டின் கொடுக்காத இன்னொரு குழுவை வைத்து, நிகோட்டின் எலி நேற்று எத்தனை கிராம் தின்றதோ அத்தனையே இன்று அதற்கும் கொடுக்க வேண்டும். தினமும் காலையில் மிச்சத் தீனியை, கூண்டுக்கடியில் சிந்தியது உட்பட, பொறுக்கி நிறுத்துப் பார்க்கிற வேலை அது. அலுப்பான வேலைதான், ஆனால் அந்தக் குழு இல்லாத ஆய்வை நான் நம்பமாட்டேன்.

கேள்வி: கண்ணால் பார்த்தால் என்னதான் மாற்றம் தெரிகிறது?

சாதாரண எலிக் கணையத்தை மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் அசினார் செல்களின் அடிப்பக்கம் ஊதா, நடுக்குழியை ஒட்டிய மேல்பக்கம் நொதித் துகள்களால் நல்ல சிவப்பு. நிகோட்டின் கொடுத்தவற்றில் செல்லுக்குள் வெற்றுக் குமிழிகள் தெரியும், துகள்கள் வெளியேறாமல் தேங்கி நிற்பதும் உண்டு. அந்தச் செல்களைப் பிரித்தெடுத்துக் நொதியைச் சுரக்கத் தூண்டும் கோலிசிஸ்டோகைனின் ஹார்மோனைக் கொடுத்தாலும் அமைலேஸ் என்ற செரிமான நொதி சரியாகச் சுரப்பதில்லை.

கேள்வி: நிகோட்டினே புற்றுநோய் உண்டாக்குமா?

கேராஸ் மரபணுவில் மாற்றம் செய்த சுண்டெலிகளை வைத்து 2014-ல் ஒரு முக்கியமான ஆய்வு வந்தது. மனிதக் கணையப் புற்றுநோயில் 90 சதவீதத்துக்கும் மேல் இதே மரபணுவில்தான் மாற்றம் இருக்கிறது. நிகோட்டின் கொடுத்தபோது அசினார் செல்களின் அடையாளத்தைக் காக்கும் காட்டா6 என்ற புரதம் குறைந்து, அவை தம் அடையாளத்தை இழந்து, புற்றுக்கு முந்தைய நிலைக்கு வேகமாகப் போயின. ஏற்கெனவே மாற்றம் இருந்த செல்லை நிகோட்டின் தள்ளிவிட்டது என்றுதான் அதிலிருந்து சொல்ல முடியும். நல்ல செல்லில் நிகோட்டின் தனியாகவே புற்றுநோயைத் தொடங்கி வைக்கும் என்று அந்த ஆய்வை வைத்துச் சொல்லக்கூடாது.

கேள்வி: என் மனைவி கர்ப்பமாக இருக்கிறார். சிகரெட்டுக்குப் பதிலாக நிகோட்டின் சூயிங்கம் எடுத்துக்கொண்டால் குழந்தைக்கு ஒன்றும் ஆகாதா?

தாய் எலிகளுக்குக் கருவுறும் முன்பிருந்து பால்குடி மறக்கும் வரை நிகோட்டின் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். குட்டிகளுக்குப் பீட்டா செல்கள் குறைந்தன, வளர்ந்த பிறகு சர்க்கரையைக் கையாளும் திறனும் குறைந்தது. ஆனால் எலிக்கு இந்தச் செல்களின் வளர்ச்சியில் பெரும்பங்கு பிறந்த பிறகும் நடக்கிறது, மனிதக் குழந்தைக்குக் கருவிலேயே நிறைய முடிந்துவிடும், அதனால் அப்படியே பொருத்த முடியாது. சூயிங்கம்மில் புகையின் மற்ற நஞ்சுகள் இல்லை என்பதும் உண்மை. மகப்பேறு மருத்துவரிடம் இதை ஒளிக்காமல் சொல்லி, அவர் சொல்படி செய்யுங்கள் ஐயா.

கேள்வி: நிகோட்டின் சர்க்கரை நோயைத் தடுக்கிறது என்றும் படித்தேன், கூட்டுகிறது என்றும் படித்தேன். எது சரி?

இரண்டுமே வெளிவந்த முடிவுகள்தான். முதல் வகைச் சர்க்கரை நோயின் சுண்டெலி மாதிரிகளில், உடம்பின் எதிர்ப்புச் சக்தியே பீட்டா செல்லைத் தாக்கும். அழற்சியை நிகோட்டின் தணிப்பதால் அங்கே நோய் குறைந்தது. எலிகளில் 2019-ல் வந்த ஆய்வோ மூளையில் ஹபெனுலா என்ற பகுதியிலிருந்து கணையம் வரை ஒரு தொடர்பைக் காட்டியது, நிகோட்டின் அதன் வழியாக இரத்தச் சர்க்கரையை ஏற்றியது. எந்த மாதிரி, எந்த நோய் என்று பார்க்காமல் தலைப்பை மட்டும் படித்தால் குழப்பம்தான் மிஞ்சும். புகைப்பவர்களுக்கு இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு 30 முதல் 40 சதவீதம் அதிகம், அதில் சந்தேகம் வேண்டாம்.

கேள்வி: இத்தனை உயிர்களைக் கொல்வது நியாயமா?

இந்தக் கேள்வியை நானும் விட்டுவிடவில்லை. வேறு வழி இருந்தால் விலங்கு வேண்டாம், இல்லாவிட்டால் எண்ணிக்கையைக் குறை, வேதனையைக் குறை என்று ரஸ்ஸல், பர்ச் என்ற இரண்டு விஞ்ஞானிகள் 1959-லேயே எழுதிவிட்டார்கள். உறுப்பு தானம் செய்தவர்களின் கணையச் செல்களை வைத்துப் பல கேள்விகளுக்கு இப்போது பதில் கிடைக்கிறது, அங்கே கிடைப்பதற்கு எலியைத் தொட வேண்டியதில்லை. ஆனால் மூளையும் கணையமும் சேர்ந்து செய்கிறதையோ, தாயிடமிருந்து குட்டிக்குப் போகிறதையோ தட்டில் வளர்த்த செல் சொல்லாது.

கேள்வி: கணையத்தை எடுக்கும்போது எப்போதும் கூழாகிவிடுகிறது. என்ன தவறு செய்கிறேன் அக்கா?

தாமதம்தான் தம்பி. உயிர் போனதும் அதன் நொதிகளே அதைத் தின்ன ஆரம்பித்துவிடும், அதனால் மற்ற உறுப்புகளுக்கு முன்னால் இதை எடுங்கள். எலியின் கணையம் ஒரே கட்டியாக இருக்காது, கொழுப்போடு கலந்து பரவிக் கிடக்கும், எது எது என்று தேடுவதிலேயே நேரம் போகும். மண்ணீரலை இடுக்கியால் மெல்லத் தூக்கினால் வால் பகுதி கூடவே வரும், அதைப் பிடித்துக்கொண்டு முன்சிறுகுடல் பக்கமாகப் பிரித்து வாருங்கள். வடிதாளில் தட்டையாக விரித்து அப்படியே ஃபார்மலினில் போடுங்கள். தலைப் பகுதியிலும் வால் பகுதியிலும் செல்களின் விகிதம் வேறு, எல்லா எலியிலும் ஒரே இடத்திலிருந்து துண்டு எடுங்கள்.