மேக் இன்ஸ்டால் ஓடுது, மோட்ப்ரோப் மட்டும் மாட்யூல் இல்லங்குது: பதில்

நண்பரே, டெபியன் 10 லினக்ஸ்ல டிரைவர் மாட்யூல் (கர்னலோட சேர்த்துக்கற துண்டு புரோகிராம்) கம்பைல் ஆகி எக்ஸ்ட்ரா ஃபோல்டர்ல ஃபைலும் இருக்கு, ஆனா மோட்ப்ரோப் (மாட்யூல தேடி கர்னல்ல ஏத்தற கமாண்ட்) போட்டா "நாட் ஃபவுண்ட்"னு வருதுன்னு சொன்னீங்கல்ல, உங்க கோட்ல தப்பில்ல, பாத்துலதான் (கமாண்ட எந்தெந்த ஃபோல்டர்ல தேடணும்ங்கற லிஸ்ட்) பிரச்சனை.

நீங்க வெறும் எஸ்யூ (யூசர் மாத்தற கமாண்ட்) போட்டு ரூட், அதாவது அட்மின், ஆகியிருக்கீங்க. டெபியன் 10ல இருந்து அப்படி பண்ணா சாதா யூசரோட பாத் அப்படியே தொத்திக்கிட்டு வரும், அதுல அட்மின் கமாண்ட்ஸ் இருக்கற எஸ்பின் ஃபோல்டரே கிடையாது, மாட்யூல் லிஸ்ட தயார் பண்ற டெப்மாட் கமாண்ட் இருக்கறதோ அங்கதான். அதனால மேக் போடறப்ப ஓடற மாட்யூல்ஸ் இன்ஸ்டால் வேலை ஃபைல காப்பி பண்ணிட்டு, டெப்மாட் கிடைக்கலன்னு ஒரு வார்னிங் மட்டும் கொடுத்துட்டு எரர் இல்லாம வெற்றின்னு முடிஞ்சுடும் (அந்த வார்னிங் வேற கேஎம்ஓடி பேக்கேஜ போடுன்னு சொல்லும், அது ஏற்கனவே இருக்கும், நானே ரெண்டு தடவ ரீஇன்ஸ்டால் பண்ணி ஏமாந்தேன்). மாட்யூல்ஸ் டெப் லிஸ்ட் புதுசாகல, மோட்ப்ரோப் அந்த லிஸ்டதான் பாக்கும். சந்தேகம்னா மாட்யூல் ஃபைலோட முழு பாத்த கொடுத்து இன்ஸ்மாட் (அந்த ஃபைல நேரா ஏத்தற கமாண்ட், இதுவும் எஸ்பின்லதான் இருக்கு) போட்டு பாருங்க, அது லிஸ்ட பாக்காது, மத்த மாட்யூல் எதுவும் தேவைப்படலன்னா லோட் ஆயிடும்.

எஸ்யூக்கு அப்புறம் ஒரு ஸ்பேஸ், ஒரு மைனஸ் போட்டு உள்ள போங்க, டெப்மாட் மைனஸ் ஏ ஓட்டுங்க, போதும். 5.11 கர்னல்ல இருந்து, இன்ஸ்டால் நேரத்துல டெப்மாட்ட கூப்பிடற ஸ்கிரிப்டே எஸ்பினையும் சேர்த்து தேடிக்குது.